தோளில் சுமந்தவர்கள் பாட்டைக் கேட்டார்களா?

"இசைக்குச் சாதி இல்லை, ஓவியனுக்கு எல்லா இசையும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீங்கள் சுவரில் மாட்டியிருப்பது எந்த இசையை?

சபாக்களிலும் பாட்டு வகுப்புகளிலும் தொங்கும் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி உருவங்களை நம் கண்ணுக்குப் பழக்கியவர் எஸ். ராஜம் (1919–2010). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், வானொலியில் பணியாற்றியவர், கர்நாடக இசைக் கலைஞர். தான் பாடிய இசையையே வரைந்தார். அதில் குற்றமில்லை. அந்த இசைக்குச் சுவர் தயாராக இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எங்கள் திருச்சிக்கு வாருங்கள். உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர் திருப்பாணாழ்வார். திருவரங்கத்துக்குள் போக முடியாமல் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். வழிவிடவில்லையென்று கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே பிறகு அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்கிறது வைணவ மரபு. அங்கே அவர் பாடிய 'அமலனாதிபிரான்' பத்தே பாசுரம். பாதத்தில் தொடங்கி உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என மேலேறும் அது, ஒரு பாணர் இசையால் வரைந்த முழு ஓவியம்.

ஆனால் நான் படங்களில் அதிகம் பார்த்தது முனிவரின் தோளில் உட்கார்ந்திருக்கும் பாணரைத்தான். அவருக்கு வாய்த்த 'முனிவாகனர்' என்ற பெயரிலும் சுமந்தவரே நிற்கிறார். உள்ளே போனவர் இறைவனோடு கலந்துவிட்டாராம். உறையூருக்குத் திரும்பவில்லை, அவரது சனத்துக்கு வாசலும் திறக்கவில்லை.

என் அப்பா பறையடிப்பவர். சாவு வீட்டு வாசலில் தீமூட்டிப் பறை காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். அடிக்குச்சியின் வேகத்தில்தான் என் கோடு ஓடும். கல்லூரி நாளில் ஓர் ஓவியப் போட்டிக்கு 'இசை' என்று தலைப்பு கொடுத்தார்கள். பறையை வரைந்தேன். "சாவு மேளத்தை யார் வீட்டில் மாட்டுவார்கள்? வீணை வரைந்திருக்கலாமே" என்றார் நடுவர். அன்று வாய்மூடி வந்தேன்.

இசை ஓவியனை உருவாக்கும், உண்மைதான். எந்த இசையின் படம் சுவரேறும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. தோழர்களே, எங்களைச் சுமக்க யாருடைய தோளும் வேண்டாம். உங்கள் கலைவிழா அரங்கில், படிப்பகத்தில், வீட்டுக் கூடத்தில் பறையடிப்பவர் ஒருவரின் படத்தை மாட்டுங்கள். அடியில் அவர் பெயரை எழுதுங்கள். என் அப்பாவை வரைந்து முடித்துவிட்டேன், சுவர்தான் பாக்கி.