செய்தி வாயிலும் அதன் காவலரும்

முடியரசுக் காலத்தில் அரசன் செவிக்கு எட்டாத செய்தி நாட்டில் நிகழாத செய்தியாகவே கழிந்தது. குடியரசிலோ குடிகளே அரசராதலின், அவர்தம் செவிக்குச் செல்லும் வழியைக் காப்பவர் யாவர், எந்நெறி பற்றிக் காக்கின்றனர் என்னும் வினா எழுகின்றது. கண்ணகி ஒற்றைச் சிலம்புடன் மதுரைக் கோயில் வாயிலில் நின்றபோது, வாயிற்காவலன் அவள் தோற்றங் கண்டு நடுங்கினானேனும், வந்தவள் இன்னள் என்பதை மறையாது சென்று அரசனுக்கு உரைத்தான். அவள் வழக்கு மெய்யோ பொய்யோ என்று அவன் ஆராய்ந்திலன்; அஃது அவன் தொழிலன்று. இக்காலத்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் செய்தி வாயிலைக் காக்கும் பெருங் கம்பெனிகளின் நடையையும், அதனைக் கண்டு வாளாவிருந்த பத்திரிகைகளின் நடையையும் ஒருசிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்து. அக்கம்பெனிகளின் வழியாகவே நம்மவரும் உலகச் செய்திகளை அறிந்து வருதலின், இஃது அயலார் வழக்கென்று தள்ளத்தக்கதன்று.

1801ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்பார் தோற்றுவித்த ‘நியூயார்க் போஸ்ட்’ அந்நாட்டுப் பழம்பத்திரிகைகளுள் ஒன்று. தலைவர் தேர்தலுக்கு இருபது நாட்களே எஞ்சியிருந்த 2020 அக்டோபர் 14ஆம் நாளன்று அப்பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. ஜனநாயகக் கட்சி வேட்பாளராகிய ஜோ பைடனுடைய மைந்தர் ஹண்டர் பைடன், டெலவேர் மாகாணத்துப் பழுதுபார்க்கும் கடையொன்றில் விட்டுச் சென்று மீளப் பெறாத மடிக்கணினியினின்று எடுத்தவை என்று சில மின்னஞ்சல்களை அச்சிட்டு, தந்தையின் பதவியை மைந்தர் தம் வாணிகத்திற்குத் துணையாக்கிக் கொண்டார் என்று அது குற்றஞ் சாட்டிற்று. அவற்றின் படியைப் பத்திரிகைக்குக் கொடுத்தவர், எதிர்வேட்பாளராகிய டொனால்டு டிரம்பின் வழக்கறிஞர் ருடால்ப் ஜூலியானி. ஆகவே ஐயுறுதற்கு இடமிருந்தது. ஐயுற்று ஆராய்ந்து மெய் காணுதல் பிற பத்திரிகைகளின் தொழிலாயும் இருந்தது. நிகழ்ந்ததோ வேறு.

டுவிட்டர் கம்பெனி அக்கட்டுரையின் இணைப்பை எவரும் தம் பக்கத்தில் இடவொண்ணாதபடி தடுத்தது. ஒருவர் மற்றொருவர்க்குத் தனிமையில் எழுதும் செய்தியிலும் அதனைச் செல்லவிடவில்லை. பத்திரிகையின் கணக்கைப் பூட்டியது. வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளர் அச்செய்தியை எடுத்துக்காட்டியபோது அவர்தம் கணக்கையும் பூட்டியது. பேஸ்புக் கம்பெனியோ, உண்மை ஆராய்வோர் ஆராய்ந்து சொல்லும் முன்னரே அதன் பரவலைக் குறைத்து வருவதாக அறிவித்தது. டுவிட்டர் காட்டிய காரணம், களவாடிய பொருளைப் பரப்பலாகாது என்னும் தனது விதி. களவு நிகழ்ந்தமைக்குச் சான்று காட்டப்பட்டிலது. இரண்டு நாட்களுக்குள் அவ்விதி மாற்றப்பட்டது. இணைப்பை அறவே தடுத்தது தவறு என்று தலைவர் ஜாக் டார்சியே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னரும் பத்திரிகையின் பூட்டுத் திறந்திலது. அஃதென்னையெனின், அக்குறிப்புகள் புதிய விதிப்படி குற்றமற்றனவாயினும், பழைய விதி நடந்த நாளில் இடப்பட்டவையாம். ஆதலின் அவற்றை முன்னர் அழித்துவிட்டு, வேண்டுமாயின் பின்னர் மீண்டும் இட்டுக்கொள்ளலாமாம்! இத்தகைய நியாயத்தை நம் பக்கத்துச் சிறு கிராமத்து மணியக்காரரும் சொல்ல நாணுவார். பத்திரிகை அழிக்க மறுத்தது. அக்டோபர் 30ஆம் நாளிலேயே கணக்குத் திறக்கப்பெற்றது. தேர்தல் நாள் நவம்பர் 3.

கம்பெனிகளின் சார்பாகக் கூறுதற்கு ஒன்றுமில்லை என்று நாம் சொல்லோம். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் ருஷ்ய உளவுத் துறையினர் ஜனநாயகக் கட்சியினரின் மின்னஞ்சல்களைக் களவாடி வெளிவரச் செய்தனர். ருஷ்யரின் பொய்ப் பிரசாரம் தம் பக்கங்களில் பரவ இடங்கொடுத்தமைக்காக இக்கம்பெனிகள் அது முதல் வசைபெற்று வந்தன. அத்தகைய செயல் மீண்டும் நிகழலாம் என்று கூட்டரசின் துப்பறியும் துறையினரும் எச்சரித்திருந்தனர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாதது இயல்பே. ஆயினும் அஞ்சியவர் செய்யத்தக்கன வேறு பல உள. ‘இச்செய்தி இன்னும் உறுதிப்படவில்லை’ என்று ஒரு குறிப்பை மேலே எழுதிவிடலாம். அதனை மறுப்பார் கூற்றையும் அருகில் வைக்கலாம். அவ்வாறின்றிக் கதவையே சாத்தியதனால் செய்தி மறைந்ததோ எனின், அதுவும் இல்லை. யாதோ ஒன்றை மறைக்கின்றனர் என்னும் ஆவல் மூண்டு, நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று.

இனிப் பத்திரிகைகளின் நடையைக் காண்போம். அக்டோபர் 19ஆம் நாள், முன்னாள் உளவுத் துறையினர் 51 பேர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. இம்மின்னஞ்சல்களின் வருகை ருஷ்யரின் சூழ்ச்சிக்குரிய அடையாளங்கள் கொண்டது என்று அவர்கள் எழுதினர். ருஷ்யர் இதில் தலையிட்டமைக்குத் தம்மிடம் சான்று இல்லை என்பதையும் அக்கடிதத்திலேயே எழுதினர். ‘பொலிட்டிக்கோ’ என்னும் பத்திரிகை இட்ட தலைப்பிலோ அந்த இரண்டாம் வாக்கியத்திற்கு இடமில்லை. ருஷ்யரின் பொய்ச்செய்தி என்று அவர்கள் சொல்வதாகவே தலைப்பு அமைந்தது. மூன்று நாட்களுக்குப் பின் நடந்த வேட்பாளர் விவாத மேடையில் ஜோ பைடன் இக்கடிதத்தையே தமக்கு அரணாகக் காட்டினார். தேசியப் பொது வானொலியின் ஆசிரியர் குழுவினரோ, மெய்யான செய்தியல்லாதவற்றில் காலத்தை வீணாக்கோம் என்று காரணங் கூறி ஒதுங்கினர். ஆராய்ந்து பொய்யெனக் கண்டு ஒதுங்கியிருப்பின் அது பத்திரிகைத் தொழிலுக்குப் பெருமையாகும். ஆராயாமலே ஒதுங்கியமையே குறை. நூற்றாண்டுகளாகத் தாம் போராடிப் பெற்ற அச்சுச் சுதந்தரம் தம்மொத்த மற்றொரு பத்திரிகையினிடமிருந்து ஒரு வாணிகக் கம்பெனியால் பறிக்கப்பட்டபோது, பறிகொடுத்தது எதிர்க்கட்சிப் பத்திரிகை என்பதனால் பலர் வாய்திறவாதிருந்தனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

2022 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஆகிய இரு பெரும் பத்திரிகைகளும் அம்மின்னஞ்சல்களுட் சிலவற்றை மெய்யென உறுதிப்படுத்தி எழுதின. 2024 ஜூனில் ஹண்டர் பைடன் மேல் நடந்த துப்பாக்கி வழக்கில், அவர் தந்தையின் ஆட்சிக்காலத்து அரசாங்க வழக்கறிஞரே அம்மடிக்கணினியை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டினர். மறுபுறத்தையும் கூறுதல் முறை. வாஷிங்டன் போஸ்ட் அமர்த்திய வல்லுநரால் அப்பதிவுகளுள் ஒரு சிறு பகுதியே ஐயமின்றி உறுதி செய்யப்பெற்றது. பல கை மாறியதனால் எஞ்சியவற்றைப் பற்றித் துணிந்து கூற இயலவில்லை. தந்தையின் மேல் சுமத்திய இலஞ்சக் குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டிலது. ஆகவே அச்செய்தி முழுப் பொய்யுமன்று, அதனை ஏந்தித் திரிந்தோர் கூறிய முழு மெய்யுமன்று. குடிகள் ஆராய்ந்து, இத்துணைதான் இதன் எடை என்று கண்டு கொள்ளத்தக்க ஒன்றை, அவர் கையில் கொடாமலே ஒரு கூட்டத்தார் தள்ளினர். பின்னர் மற்றொரு கூட்டத்தார் மலையாக்கினர்.

கால்லப் நிறுவனத்தார் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, செய்தித்தாள் முதலியவற்றை நம்புகின்றோம் என்று கூறிய அமெரிக்கர் 1976இல் நூற்றுக்கு 72 பேர். 2025இல் நூற்றுக்கு 28 பேர். இவ்வீழ்ச்சி முழுவதற்கும் மேற்கூறிய நிகழ்ச்சியே காரணம் என்பது பேதைமை. அது பல்லாண்டு தேய்வு. எனினும் தேய்ந்த கயிற்றின்மேல் பாரம் ஏற்றியவர்களுள் 2020ஆம் ஆண்டினர் முன்னிற்பர். பொய் கூறுவோனை நம்பாமை நன்று. மெய் கூறுவோனையும் நம்பாத நிலை வந்தால், கொள்ளை நோய்க்கு மருந்து இது என்று வைத்தியர் கூறினும் பயனில்லை. வெள்ளம் வருகின்றது என்று அதிகாரி கூறினும் பயனில்லை.

இவ்வளவில் நிறுத்தினால், ஒரு கட்சியாரின் முறையீட்டை மட்டும் எடுத்துரைத்தவராவோம். 2021 ஜனவரியில், நாட்டுப் பேரவைக் கட்டடத்தைக் கலகக்காரர் தாக்கியபின், டிரம்பின் கணக்குகளை இக்கம்பெனிகள் மூடின. அவரோடு சற்றும் ஒவ்வாத ஜெர்மானிய முதலமைச்சர் ஏஞ்சலா மெர்க்கெலும், பேச்சுரிமையின் எல்லையை வகுத்தல் சட்டமியற்றுவோர் பாலதேயன்றிக் கம்பெனித் தலைவர் பாலதன்று என்று தம் செயலாளர் வாயிலாகக் குறைகூறினார். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் என்பார் 4400 கோடி டாலர் விலையில் டுவிட்டரை வாங்கினார். இனிப் பேச்சுக்குத் தடையில்லை என்று முழங்கினார். இரண்டு திங்கள் கழியுமுன், அவருடைய விமானத்தின் செலவைப் பற்றி எழுதிய செய்தியாளர் பலர் கணக்கிழந்தனர்; சில நாட்களுக்குப் பின்னரே மீண்டனர். 2024 செப்டம்பரில், துணைத் தலைவர் வேட்பாளர் ஜே. டி. வான்ஸ் குறித்து அவர் கட்சியினர் தொகுத்து, ஈரானியரால் களவாடப்பட்டதெனக் கூறப்பட்ட ஆவணம் ஒன்றைச் செய்தியாளர் ஒருவர் வெளியிட்டார். எக்ஸ் என்று பெயர் மாறிய அதே வாயிலில், அதே முறையில், அவ்விணைப்பும் தடுக்கப்பட்டது. வெளியிட்டவர் கணக்கும் பூட்டப்பட்டது. ஆவணத்தில் தனிமனிதர் விவரங்கள் மறைக்கப்படாதிருந்தன என்பது இம்முறை கூறிய காரணம். 2020இல் வானம் இடியக் கதறியோருள் எத்துணைப் பேர் 2024இல் குரல் எழுப்பினர்? 2020இல் நகைத்தோரே 2024இல் கதறினர். காவலன் மாறினான், திறவுகோல் மாறவில்லை.

கம்பெனித் தலைவர்கள் கொள்கை பற்றி நடந்தனரா, காற்றுப் பற்றி நடந்தனரா என்பதை மற்றொரு செய்தியால் அறியலாம். பேஸ்புக்கின் மார்க் சுக்கர்பர்க் 2024 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபைக் குழுத் தலைவர்க்கு எழுதிய கடிதத்தில், 2021இல் பைடன் ஆட்சியினர் கொள்ளை நோய் குறித்த சில பதிவுகளை நீக்குமாறு பலகால் வற்புறுத்தினர் என்றும், மடிக்கணினிச் செய்தியை அழுத்தியிருக்கக் கூடாது என்றும் எழுதினார். டிரம்ப் மீண்டும் தேர்வு பெற்ற பின்னர், 2025 ஜனவரியில் அவரது கம்பெனி அமெரிக்காவில் உண்மை ஆராய்வோரை நீக்குவதாக அறிவித்தது. 2021இல் கணக்கை மூடியமைக்காக டிரம்ப் தொடுத்த வழக்கைத் தீர்க்க 2.5 கோடி டாலர் தரவும் இசைந்தது. அன்று மூடியது சரியாயின் இன்று பொருள் தருவானேன்? அன்று தவறாயின் நான்காண்டு மௌனம் ஏன்?

இதற்கு முன்னோடியும் உண்டு. 1876ஆம் ஆண்டுத் தலைவர் தேர்தலில் ரதர்போர்டு ஹேய்ஸும் சாமுவேல் டில்டனும் போட்டியிட்டனர். வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியும் அசோசியேட்டட் பிரஸ் செய்திச் சங்கமும் அக்காலத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவை ஹேய்ஸுக்கு உதவியாய் எதிர்க்கட்சியாரின் தந்திகளை அவர் அன்பர்க்குக் காட்டின என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பின்னர் 1910ஆம் ஆண்டு மேன்–எல்கின்ஸ் சட்டம், தந்தி, தொலைபேசிக் கம்பெனிகளையும் இரயில்வேயைப் போலவே பொதுச்சுமை ஏற்போர் வரிசையில் சேர்த்தது. கூலி கொடுத்தார் எவராயினும் அவர் செய்தியை வேற்றுமையின்றிக் கொண்டு சேர்த்தல் அவற்றின் கடமையாயிற்று.

இக்காலக் கம்பெனிகள் தந்தி போன்றனவா, பத்திரிகை போன்றனவா என்பதே அந்நாட்டில் வழக்கு. டெக்ஸாஸ், புளோரிடா மாகாணங்கள் 2021இல் இயற்றிய சட்டங்கள் குறித்து 2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தார் கூறியபோது, பதிவுகளைத் தேர்ந்து அடுக்குதல் பத்திராதிபர் தொழிலை ஒத்தது, அதற்கும் அரசியற் சட்டத்தின் காப்பு உண்டு என்னும் கருத்தைப் புலப்படுத்தி, வழக்குகளைக் கீழ்மன்றங்களுக்குத் திருப்பினர். யாம் கருதுவது, ஒரே வீட்டில் இரண்டும் உள என்பதே. பொதுப் பக்கம் பத்திரிகையை ஒத்தது; அங்கே தேர்வு இன்றியமையாதது. தனிக்கடிதம் தந்தியை ஒத்தது. ஒருவன் தன் நண்பனுக்கு எழுதும் கடிதத்தினின்று, அச்சான ஒரு பத்திரிகைக் கட்டுரையின் இணைப்பை எடுத்தெறிந்தமையே 2020ஆம் ஆண்டுக் குற்றங்களுள் மிகக் கொடியது. அதனைப் பற்றியே பேச்சு மிகக் குறைவாயிருந்தது வியப்பு.

பொதுப் பக்கத்திற்கும் வேண்டுவது ஒன்றுண்டு. ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள் 2022இல் இயற்றிய சட்டம், ஒரு பதிவை நீக்கினாலும் கணக்கைப் பூட்டினாலும் இன்ன விதியால், இன்ன காரணத்தால் என்று உரியவர்க்கு எழுதித் தெரிவித்தலையும், அவர் முறையிட வழி வைத்தலையும் கம்பெனிகளின் கடமையாக்கியது. அச்சட்டத்தின் பிற பகுதிகளில் ஐயுறத்தக்கன உண்டு; இப்பகுதி நன்று. எதை நீக்குதல் வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிடுவதன்று அது. நீக்கியவன் காரணம் சொல்ல வேண்டும் என்பதே.

அமெரிக்காவிலோ, பிறர் இட்ட பதிவுகளுக்குக் கம்பெனிகளைப் பதிப்பாளராகக் கருதலாகாது என்றும், நல்லெண்ணத்தோடு ஒன்றை நீக்கினால் அதற்கும் வழக்கில்லை என்றும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு காப்பளித்தது. கைம்மாறாகக் காரணங் கூறும் கடமை ஒன்றும் அதில் இல்லை. 2020 ஜனவரியில் ஜோ பைடன் அப்பிரிவை ஒழிக்க வேண்டும் என்றார். கம்பெனிகள் பொய்களை நீக்காது விடுகின்றன என்பது அவர் காரணம். அவ்வாண்டு டிசம்பரில் டிரம்ப், அப்பிரிவை ஒழிக்காத குற்றத்திற்காகப் படைச்செலவு மசோதாவையே மறுத்துத் திருப்பினார். கம்பெனிகள் மெய்களை நீக்குகின்றன என்பது அவர் காரணம். இருவரும் ஒரே பிரிவை எதிரெதிர்க் காரணம் பற்றி ஒழிக்க முயன்றனர். ஒழித்தலினும், காரணம் காட்டும் கடமையையும் முறையிடும் வழியையும் அதில் எழுதிச் சேர்த்தலே நன்று என்பது எம் கருத்து.