கூலிக்கு மாற்றா டிப்ஸ்?

போர்ட் பிளேயரின் மரைன் ஹில் விடுதிகளில் தங்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பயண வழிகாட்டிகள் நாகரிகம் போதிக்கின்றன. பெட்டி சுமப்பவருக்கு எவ்வளவு, அறையைத் துப்புரவு செய்பவருக்கு எவ்வளவு, உணவு பரிமாறுபவருக்கு எத்தனை சதவிகிதம் என்று பட்டியலே உண்டு. இவர்களுக்கு விடுதி உரிமையாளர் எவ்வளவு கொடுக்கிறார் என்ற கேள்வி மட்டும் அதில் இடம்பெறுவதில்லை.

டிப்ஸ் தாராள மனத்தின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அது, முதலாளி தர வேண்டிய கூலியின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தலையில் ஏற்றும் ஏற்பாடு. "மேல்வரும்படிதான் இருக்கிறதே" என்று சொல்லியே அடிப்படை ஊதியம் அமுக்கப்படுகிறது. அந்தமானில் இதன் கொடுமை கூடுதல். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பயணிகள் வரத்து சுருங்குகிறது, டிப்ஸும் சுருங்குகிறது. தமிழும் வங்கமும் தெலுங்கும் பேசும் அத்தொழிலாளர்களின் வீட்டு வாடகையும், கப்பலில் வந்திறங்கும் பொருள்களின் விலையும் மழைக்காகச் சுருங்குவதில்லை.

டிப்ஸைக் காட்டிப் பஞ்சப்படியை மறுக்க ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் நிர்வாகம் முன்வைத்த வாதத்தை 1976இல் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. வாடிக்கையாளர் மனமுவந்து தருவது நிர்வாகம் தரும் ஊதியமாகாது. ஆயினும் முதலாளிகள் ஓயவில்லை. சேவைக் கட்டணத்தை ரசீதில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்ததும், உணவக உரிமையாளர் சங்கங்கள் தொழிலாளர் நலனைக் காரணம் காட்டி நீதிமன்றம் சென்றன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அவர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தொழிலாளர் மீது அத்தனை அக்கறை இருந்தால், அத்தொகையை ஊதியத்தில் சேர்க்க வேண்டாமென்று இவர்களைத் தடுத்தவர் யார்?

இப்பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கு டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ரொக்கக் கூலி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே உறைந்து கிடக்கிறது.

இதனால் டிப்ஸ் கொடுக்க மறுப்பது போராட்டமாகிவிடாது. அது இருப்பதையும் பறிப்பதாகும். தோழர்கள் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டு, அத்தொழிலாளியைச் சங்கத்துக்கு அழைக்கட்டும். அந்தமான், சட்டமன்றமில்லாத ஒன்றியப் பகுதி. பொறுப்பு நேராக ஒன்றிய அரசுடையது. 2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என மாற்ற முடிந்தவர்களால், அவ்வூர் விடுதித் தொழிலாளிக்கு நியமன ஆணையும், வாழத்தக்க கூலியும், மழை மாதங்களுக்கான ஊதியப் பாதுகாப்பும் உறுதிசெய்ய முடியாதா? இக்கேள்வியை அமைப்பாகத் திரண்டு எழுப்புவோம்!