கப்பற் கட்டணம்: சிறு வியாபாரி தனியே சுமக்கும் பாரம்

பொருட்களின் விலை ஏறினால் டொலரைப் பேசுகிறோம், வரியைப் பேசுகிறோம். கப்பற் கட்டணத்தைப் பேசுவது குறைவு.

கொள்கலன் ஏற்ற இரு வழிகள் உண்டு. ஒன்று, கப்பல் நிறுவனத்துடன் பெரும்பாலும் ஓராண்டுக்குக் கட்டணம் பேசி ஒப்பந்தம் செய்வது. மற்றையது, சரக்கு ஆயத்தமானதும் அன்றைய சந்தை விலைக்கு இடம் பிடிப்பது. இதுவே 'ஸ்பொட்' கட்டணம். ஆண்டுக்குச் சில கொள்கலன்களே இறக்கும் புறக்கோட்டை வியாபாரிக்கு முதலாவது வழி எளிதில் திறப்பதில்லை.

ஸ்பொட் விலையோ நிலையற்றது. ட்ரூரி நிறுவனத்தின் உலகச் சுட்டெண்ணின்படி, 40 அடிக் கொள்கலனின் கட்டணம் 2019இல் சராசரியாக 1,420 டொலர். 2021 செப்டெம்பரில் அது 10,000 டொலரைத் தாண்டியது. 2023 இறுதியில் பழைய நிலைக்கு இறங்கியிருந்த வேளை, செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல்கள் தொடங்கின. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கட்டணம் மீண்டும் ஏறியது.

எமது நாட்டில் சுங்கத் தீர்வை, பொருளின் விலையோடு காப்புறுதியும் கப்பற் கட்டணமும் சேர்ந்த பெறுமதிக்கே கணிக்கப்படுகிறது. ஆக, பெறுமதியில் வீதமாக அறவிடப்படும் தீர்வையும் கட்டணத்தோடு ஏறும். ஈற்றில் இரண்டையும் செலுத்துவது வாங்குபவரே.

எனது கருத்து இதுதான்: ஒரே துறைமுகத்திலிருந்து பொருள் எடுப்போர் வர்த்தக சங்கங்களூடாகச் சரக்கைச் சேர்த்து, வழமையான தேவைக்கு ஒப்பந்தமும் மிகுதிக்கு ஸ்பொட்டும் எடுக்க வேண்டும். சந்தை விலை இறங்கும்போது ஒப்பந்தத்தைக் கைவிட்டு ஓடவும் கூடாது. வாக்கைக் காப்பது மார்க்கம் எமக்கு விதித்த கடமை. அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தால்தான் அடுத்த நெருக்கடியில் எமது சரக்குக்கும் கப்பலில் இடம் கேட்கலாம்.