கதை முடிஞ்சதும் மாரல் கேட்காதீங்க

சித்திரை, வைகாசியில் எங்க கரிசக்காட்டுக்கு வேலை இல்லை. பங்குனிக்குள்ள வெள்ளாமை எல்லாம் வீடு வந்து சேர்ந்திரும். ஒரு கோடை மழை பெய்தால் உழவு போடணும். அது பெய்கிற வரைக்கும் வேம்படியில் கட்டிலைப் போட்டுப் படிச்சுக்கிட்டுக் கிடக்கலாம். அந்த நேரத்துலதான் சென்னையிலிருந்து தங்கச்சி பிள்ளைங்களும் லீவுக்கு வருவாங்க. மருமகளுக்கு 14 வயசு, மருமகனுக்கு 10.

இந்தத் தடவை மருமகன் ஒரு பை நிறையக் கதைப் புத்தகம் கொண்டு வந்திருந்தான். எடுத்துப் புரட்டினேன். ஆறேழு கதையில் விவசாயி வர்றார். எல்லாத்துலயும் தலைப்பாகை, தோளில் மண்வெட்டி, எதுக்குன்னு தெரியாத ஒரு சிரிப்பு. அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர். ஒரே வயலில் கேரட்டும் பூசணியும் நெல்லும் விளையுது. மாடு கூட சிரிக்குது. நான் தலைப்பாகை கட்டுறதில்லை. கடன் இருக்கு. நேர்மையைப் பத்தி ஊர்ல நாலு பேரைக் கேட்டுக்கோங்க.

ராத்திரி மாடியில் படுத்திருந்தப்ப, போன கார்த்திகையில் காட்டுப்பன்றிக் கூட்டம் மக்காச்சோளத்துக்குள் இறங்கின கதையைச் சொன்னேன். தகரத்தைத் தட்டிக்கிட்டு நான் ஓடினது, பாதியில் டார்ச் லைட் அணைஞ்சு போனது, இருட்டுல ஒரு பன்றியும் நானும் நேருக்கு நேரா நின்னது, அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடினது. பயல் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். சிரிச்சு முடிச்சிட்டு, "மாமா, இதுக்கு மாரல் என்ன?"ன்னான்.

"மாரல் ஒண்ணுமில்ல மாப்ள. பத்து சென்ட் மக்காச்சோளம் போச்சு."

அவனுக்கு அது போதலை. பள்ளிக்கூடத்தில் கதைக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்குமாம். அதுல மாரலை எழுதினா ரெண்டு மார்க்காம்.

பிள்ளைங்களுக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கித் தரலாம்னு உங்கள்ல பல பேர் என்கிட்டக் கேட்டிருக்கீங்க. கேட்கிறப்பவே "நல்ல கருத்து இருக்கணும்", "கிராமத்து வாழ்க்கை தெரியணும்"னு ரெண்டு நிபந்தனையும் கூடவே வரும். முதல் நிபந்தனையைத் தயவுசெஞ்சு விட்டுருங்க. கருத்து சொல்ல வீட்டுல அப்பா அம்மா, பள்ளிக்கூடத்துல டீச்சர், வாட்ஸப்ல பெரியப்பான்னு ஆள் நிறைய இருக்கு. கதைதான் இல்லை. ரெண்டாவது நிபந்தனைக்கு என்கிட்டப் புத்தகம் இருக்கு. ஆனா அதைக் கொடுத்தா என்ன ஆகும்னும் சொல்லிடறேன்.

மறுநாள் மருமகனுக்கு நான் வாசிச்சுக் காட்டினது கி. ராஜநாராயணனோட 'கதவு'. கி.ரா. எங்க சீமைக்காரர். கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல். ஏழாம் வகுப்போட படிப்பை விட்ட சம்சாரி. சின்னக் கதைதான். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைங்க வீட்டுக் கதவைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கி ஆடி விளையாடுதுங்க. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழட்டிக் கொண்டு போயிடறான். அப்பா வேலைக்காக மணிமுத்தாறு பக்கம் போயிருக்கார், காசு வரலை. கதவில்லாத வீட்டுக்குள்ள குளிர்காத்து வருது. வீட்டுல ஒரு கைக்குழந்தை இருக்கு. மிச்சத்தை நீங்களே படிச்சுக்கோங்க.

கேட்டு முடிச்சிட்டு அவன் ஒண்ணும் பேசலை. மாரலும் கேட்கலை. ராத்திரி சாப்பிடறப்ப மெதுவா, "மாமா, நம்ம வீட்டுக் கதவையும் எடுத்துட்டுப் போவாங்களா?"ன்னான்.

பீரோவைத் திறந்து ரசீதுகளை எடுத்துக் காட்டினேன். புஞ்சைத் தீர்வை ரசீதைப் பார்த்துட்டு "இவ்ளோதானா?"ன்னு சிரிச்சான். வீட்டு வரி ரசீதுல 'நூலக வரி'ன்னு ஒண்ணு இருந்ததை அவன்தான் கண்டுபிடிச்சான். (நீங்களும் உங்க சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. 1948 நூலகச் சட்டத்துலேருந்து வர்ற வரி. கட்டுறோம், ஆனா நூலகத்துக்குள்ள போறதில்லை. எங்க ஊர்ப்புற நூலகத்துல கி.ரா. இருக்கார், தூசியோட.) அதோட விட்டிருக்கலாம். ஆனா பிள்ளை நேரா முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கான். அதனால, "கதவு நம்மகிட்ட இருக்கு மாப்ள, நகைதான் பேங்க்ல இருக்கு"ன்னும் சொல்லிட்டேன்.

அந்த நகையில் அவன் அம்மா சங்கிலியும் ஒண்ணு. படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்ன 2018-ல் தங்கச்சி கழட்டிக் கொடுத்தது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன், இன்னும் மீட்கலை. பயல் அன்னைக்கே போன்ல, "அம்மா, உன் செயின் எப்ப வரும்?"னு கேட்டுட்டான்.

தங்கச்சி என்னைப் பிடிச்சுக்கிட்டா. "ஏண்ணே, பத்து வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதை தேவையா? அவன் சந்தோஷமா இருக்கட்டும்னுதானே அங்க அனுப்பினேன்?"

அவ சொல்றதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம் இருட்டுற நேரத்துல வாசிச்சிருக்கக் கூடாது. வாசிச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டன்னு எந்திரிச்சுப் போயிருக்கவும் கூடாது, அவன் பக்கத்துலயே இருந்திருக்கணும். ஆனா கதையைத் தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். வீட்டுல கஷ்டம் இருக்கிறது பிள்ளைங்களுக்கு எப்படியும் தெரியும். பெரியவங்க குரலைத் தாழ்த்திப் பேசுறப்பவே தெரிஞ்சுக்கும். அதைக் கேட்கிறதுக்கு ஒரு வழிதான் தெரியாம இருக்கும். அவனுக்கு அந்தக் கதவு வழியா கேட்க முடிஞ்சது. மறுநாள் காலையில் தொழுவத்துப் படலைப் பிடிச்சுத் தொங்கி ஆடிக்கிட்டிருந்தான். கீலைப் பிடுங்கிருவான்னு நான் சத்தம் போட வேண்டியதாப் போச்சு.

அதே வயசுக்கு கி.ரா.வோட 'பிஞ்சுகள்' குறுநாவலையும் சொல்வேன். கரிசக்காட்டுல பறவை முட்டைகளைத் தேடி அலையற பையனோட கதை. கதையில் வர்ற பறவையை எல்லாம் தேடித் தெரிஞ்சுக்கிறேன்னு மருமகன் ரெண்டு நாள் ஓடைப் பக்கமே கிடந்தான். அப்புறம் கு. அழகிரிசாமி. அவரும் அதே இடைசெவல்தான், கி.ரா.வுக்குக் கூட்டாளி. அவரோட 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் பிள்ளைங்க உன்கிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இருக்குன்னு போட்டி போடுற இடம் வரும். பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைங்களும் போடுற போட்டி. இன்னைக்கு உங்க அபார்ட்மென்ட் வாசல்லயும் அதே போட்டி நடக்குது, பொருள்தான் மாறியிருக்கு. 'அன்பளிப்பு' கதையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறதுக்கு முந்தி நீங்க படிச்சிருங்க. தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் பிரியமாப் புத்தகம் கொடுக்கிற ஒரு மனுஷன், ஒரே ஒரு பையனை மட்டும் கவனிக்காம விட்டுடறார். அவ்வளவுதான் கதை. எனக்கு அதைப் படிக்கிறப்பல்லாம் தொண்டை அடைக்கும். ஏன்னு பின்னால சொல்றேன்.

நம்ம ஊர்க் கதைதான் வேணும்னு இல்லை. சிங்கிஸ் ஐத்மாத்தவோட 'முதல் ஆசிரியர்' கிர்கீசிய மலைக் கிராமத்துக் கதை. பழைய குதிரைக் கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்கின துய்ஷேன்ங்கிற வாத்தியார், குளிர்ல பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடையைக் கடக்கிற இடத்துல மருமகன், "இந்த ஓடை எங்க மாமா இருக்கு?"ன்னான். நம்ம ஊர் ஓடைன்னே நினைச்சுட்டான். இன்னைக்கு எழுதுறவங்கள்ல உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' கீழடியை வெச்சு எழுதினது, பத்து பன்னிரண்டு வயசுக்கு ஓடும். எஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தொடக்கூடாத இடத்தில் தொடுகிற பெரியவங்களைப் பத்திப் பேசுது, அதைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்தே படிக்கணும். ஜெயமோகனோட 'பனிமனிதன்' இமயமலைக்குக் கூட்டிட்டுப் போகும். 'பொன்னியின் செல்வன்' எல்லாரும் சொல்வாங்க, நான் சொல்லலை.

மருமக விஷயம் வேற. அவ செங்கல் தண்டி இங்கிலீஷ் புத்தகத்தை ஒரே நாள்ல முடிக்கிற ஆளு. தமிழ் படிக்க நேரமாகுதுன்னு ஒரு சலிப்பு. முதல் பத்துப் பக்கத்தை நானே வாசிச்சுக் காட்டினேன். வட்டாரப் பேச்சு கண்ணுக்குத்தான் கஷ்டம், காதுக்குள்ள போயிட்டா அப்புறம் தடை கிடையாது. (இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துது, செஞ்சு பாருங்க.) பூமணியோட 'வெக்கை'யில் ஆரம்பிச்சோம். 1982-ல் வந்த நாவல், இதைத்தான் 'அசுரன்'னு படமா எடுத்தாங்க. அவ படம் பார்த்திருந்தா. ஆனா நாவல்ல சிதம்பரத்துக்கு 15 வயசுதான், கிட்டத்தட்ட அவ வயசு. கொலை பண்ணிட்டு அய்யாகூடக் காடு காடா ஒளிஞ்சு திரியறான். எங்க தூங்கினாங்க, என்ன தின்னாங்கன்னு நாள் நாளா எழுதியிருப்பார். கொலையை விட அந்தச் சமையல்தான் அவளைப் பிடிச்சு உட்கார வெச்சது. அடுத்து பெருமாள்முருகனோட 'பூனாச்சி', ஒரு வெள்ளாட்டுக் குட்டியோட கதை. அதில் அரசாங்கம் ஆட்டுக்கெல்லாம் காது குத்திக் கணக்கெடுக்கிற இடத்தைப் படிச்சிட்டு ஓடி வந்து, எங்க பசு காதுல இருக்கிற மஞ்சள் வில்லையைத் தொட்டுப் பார்த்தா. 12 இலக்க நம்பர். "நிஜமாவே இருக்கு!"ன்னா.

மூணாவதா 'கூளமாதாரி'. இதுவும் பெருமாள்முருகன்தான், 2000-ல் வந்தது. கொங்கு நாட்டுல ஒரு கவுண்டர் பண்ணையத்துல ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் பையன் கூளையன், அவனோட சேக்காளிங்க, அவங்க விளையாட்டு, அடி, பசி. 14 வயசுக்குக் குறைஞ்சா கொடுக்காதீங்க. முடிவு கனம். அவ படிச்சு முடிச்சிட்டு வேம்படிக்கு வந்து கட்டில் விளிம்புல உட்கார்ந்தா.

"மாமா, நம்ம வீட்டுல யார் ஆடு மேய்ச்சா?"

ஒருத்தன் இருந்தான். என் வயசுதான். எங்க தாத்தா அவன் அப்பாவுக்குக் கொடுத்த கடனுக்காக எங்க ஆட்டுக்குப் பின்னால போனான். நான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் நான் திண்ணையில் உட்கார்ந்து முத்து காமிக்ஸ் படிப்பேன். சிவகாசியிலேருந்து வர்றது, எங்களுக்குப் பக்கம்தானே. அவன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கழுத்தை நீட்டிப் பார்ப்பான், திண்ணைக்கு வர மாட்டான். வரக்கூடாது. நானும் கொண்டு போய்க் கொடுத்தது கிடையாது. ஒரு தடவைகூட. இதைத்தான் அவகிட்டச் சொன்னேன். சொல்றப்ப அவ முகத்தைப் பார்க்கலை, ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

தங்கச்சிக்கு இதுவும் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை அவ சத்தம் போடலை. "அவன் பேரைக்கூட மறந்துட்டேண்ணே"ன்னா.

இப்போ அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில் இருக்கான். பேரன் எடுத்தாச்சு. வைகாசிக் கொடைக்கு ஊருக்கு வந்தவன், வழக்கம்போல வாசல்ல நின்னு "அண்ணாச்சி"ன்னு குரல் கொடுத்தான். நான் உள்ளே வரச் சொல்லித் திண்ணையில் உட்கார வெச்சேன். இப்பல்லாம் உட்கார்றான், விளிம்புல. மருமக டீ கொண்டு வந்து கொடுத்துட்டு, நான் தடுக்கிறதுக்குள்ள நேராவே கேட்டுட்டா: "நீங்க சின்ன வயசுல காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அவன் சிரிச்சான். "படிக்க எழுத்து தெரியாதே தாயி. படம் பார்த்திருக்கேன். உங்க மாமா பழசைத் தொழுவத்துல தூக்கிப் போடுவாருல்ல, குப்பை அள்ளறப்ப எடுத்து வெச்சுக்குவேன். இரும்புக்கை மாயாவி. கரண்டுல கையை வெச்சா ஆள் மறைஞ்சிருவான், கை மட்டும் தெரியும்." டீ டம்ளரைக் கீழே வெச்சிட்டு, அந்தக் கை பீரோவைத் திறக்கிறதை, வில்லன் பயந்து பின்னால போறதை நடிச்சே காட்டினான். மருமகன் உள்ளேயிருந்து ஓடி வந்துட்டான். ஒரு முழுக் கதையைச் சொன்னான். எழுத்தைப் படிக்காம படத்தை வெச்சு அவனா கட்டின கதை. அந்தப் புத்தகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதுல அப்படி முடியாது. அவன் சொன்ன முடிவு இன்னும் நல்லா இருந்தது.

அவன் பேரனுக்கு ஏழு வயசாம், திருப்பூர்ல ரெண்டாம் வகுப்பு. என்ன புத்தகம் கொடுத்து விடலாம்னு மருமகளும் மருமகனும் அலமாரியைப் புரட்டிக்கிட்டிருந்தாங்க. கடைசியில் மருமகன் தன் பையிலேருந்து அந்தச் சிரிக்கிற மாட்டுப் புத்தகத்தை எடுத்தான். அதில் மாரல் இருந்த கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டுக் கொடுத்தான்.