தொட்டிச்செடி கார்ப்பரேஷன்

எங்கள் தெருவில் வீடு இருபத்து நாலு. 'நோ பார்க்கிங்' போர்டு முப்பத்தொன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

போர்டு இல்லாதவர்களும் சும்மா இல்லை. ஒருவர் சிமெண்ட் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார். இன்னொருவர் மணல் மூட்டை. ஒரு ரிடையர்டு தமிழாசிரியர் 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று எழுதியிருக்கிறார். செயப்பாட்டு வினை! பிடுங்குவது யார் என்று கோர்ட்டில்கூட நிரூபிக்க முடியாது.

"ரோடு உங்களுதா ஸார்?" என்று அவரைக் கேட்டேன்.

"வரி கட்டறேனே!"

கட்டுகிறார்தான். ஆனால் அந்த வரி காம்பவுண்டுக்கு உள்ளே இருப்பதற்கு. வெளியே இருப்பது சென்னை மாநகராட்சியின் சொத்து. அனுமதியில்லாத போர்டு, தொட்டி, மூட்டைகளை எடுக்கச் சொல்லி 2024-லேயே போக்குவரத்து போலீஸ் எச்சரித்தது. எங்கள் தெருத் தொட்டிகள் இரண்டு நாள் உள்ளே போய் ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்தன.

கோளாறு தொட்டியில் இல்லை. பார்க்கிங் கட்டணம் மாநகராட்சியின் வேலை, அதுவும் பாண்டி பஜார் மாதிரி கடைத்தெருக்களில். அபராதம் போலீஸின் வேலை. குடியிருக்கும் தெருவுக்குள் இருவரையும் காணோம். ஆகவே வீட்டுக்கு ஒரு கமிஷனர்!

லண்டனிலும் ஒரு காலத்தில் அபராதம் போலீஸ் கையில்தான் இருந்தது. 1991-ல் போட்ட சட்டம் அதை உள்ளாட்சி மன்றங்களிடம் மாற்றியது. கோடு போடுவது, கட்டணம், அபராதம் எல்லாம் ஒரே ஆபீஸ். பல தெருக்களில் சொந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தவே வருஷா வருஷம் பணம் கட்டி பர்மிட் வாங்கணும். மிஞ்சும் பணத்தையும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. ரோடு, பஸ் மாதிரி போக்குவரத்துக் காரியங்களுக்குத்தான்.

போன மாதம் எங்கள் தெருக்கோடிப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். ஒரு பக்கம் கார்கள், மறு பக்கம் தொட்டிகள். 108 ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டாள். எல்லா நாளும் அப்படி அமையுமா?

என் யோசனை சின்னது. ஒரு பக்கம் மட்டும் கார்ப்பரேஷனே கோடு போடட்டும். நிறுத்துகிறவர் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டட்டும். மறு பக்கம் காலி. கோடு தாண்டினால் அபராதம், அது கவுன்சிலர் காராக இருந்தாலும்! வசூலான பணத்தில் நடைபாதை போடட்டும்.

பணமா என்று கோபிக்காதீர்கள். கார் வாங்கத்தான் பாங்க்கில் லோன் தருகிறான். ரோடு வாங்கத் தருவதில்லை.