மீன் வீடு யாருக்காக?



இந்த வருட இளைஞர் நிதியை ஊரில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு அனுப்பி, கடலுக்கு அடியில் 'மீன் வீடு' செய்து போடுவிக்கலாம் என்று ஒரு யோசனை உங்களுக்குள் ஓடுகிறது. மரக்கொப்பு, சீமெந்துக் குழாய், பழைய ரயர் எல்லாவற்றையும் கட்டி இறக்கினால் மீன் வந்து சேரும், தொழிலாளிகளுக்கு வருமானம் கூடும் என்பது கணக்கு. லாச்சப்பலில் நாலு கடை ஏறி இறங்கிச் சேர்த்த காசு கச்சேரிக்கும் சாப்பாட்டுக்கும் போகாமல் இப்படிப் போவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காசு போகுமுன் இரண்டு நிபந்தனை வைக்க வேண்டும். ரயர் வேண்டாம். வீடு இறக்கிய இடத்தில் சில காலம் வலையும் வேண்டாம்.

ரயர் சும்மா கிடைக்கும் என்பதால்தான் எல்லோருக்கும் முதலில் அது நினைவுக்கு வருகிறது. பிரான்ஸும் இதைச் செய்து பார்த்த நாடுதான். 1980களில் கான் நகருக்கும் அந்தீபுக்கும் இடையிலுள்ள கடலில் ஏறத்தாழ 25,000 ரயர்களை மீனுக்கென்று இறக்கினார்கள். மீன் குடியேறவில்லை. கடைசியில் அரசு செலவழித்து, 2015இல் கொஞ்சமும் 2018இல் பத்தாயிரமளவிலும், சுழியோடிகளை விட்டுத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களில் போட்டவை இருபது இலட்சம். கட்டிய கட்டு அறுந்து, புயலில் உருண்டு, பக்கத்தில் உயிரோடிருந்த பவளப் பாறைகளையே அடித்து உடைத்தன. றப்பரில் பாசியும் சிப்பியும் இலகுவில் பிடிக்காது, அதிலுள்ள இரசாயனமும் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். ஒரு மருந்தைக் கொடுக்குமுன் அதன் பக்கவிளைவை வாசிப்பது என் தொழில். இலவசமாகக் கிடைக்கிற மருந்தென்றால் இரண்டு தரம் வாசிப்பேன்.

இரண்டாவது நிபந்தனைதான் உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகும். கொப்பைக் கட்டி இறக்கினால் மீன் வருவது உண்மை. ஆனால் மீன் வருவது வேறு, மீன் பெருகுவது வேறு. கர்நாடகக் கரையில் நடந்ததைப் பாருங்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போன தொழிலாளிகள் தென்னம்பாளைகளைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். கணவாய்க்கு முட்டையிட ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். அதனால் பெரிய பெரிய தாய்க் கணவாய்கள் அங்கே கூடின, கூடியவற்றைத் தூண்டிலால் பிடித்தார்கள். பிடிபாடு அமோகம். அங்குள்ள றோலர்காரருக்கும் இவர்களுக்கும் சண்டையும் வந்தது. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதை ஆராய்ந்து, முட்டையிட வந்த தாயையே பிடித்தால் அடுத்த வருடக் கணவாய்க்கு எங்கே போவது என்று எச்சரித்தார்கள். அங்கே கட்டியதற்கு வீடு என்று பெயர் வைக்க முடியாது. அது பொறி.

மார்செய்யில் வேறு விதமாகச் செய்தார்கள். 2007–2008இல் பிராடோ குடாவில் 27,300 கன மீற்றர் அளவுக்குச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். பெரும்பகுதி கொங்கிறீற். இறக்கிய இடத்தில் மீன்பிடியையும் தடை செய்தார்கள். உள்ளே வளர்கிற மீன் வெளியே வரும்போது தொழிலாளி வெளியே நின்று பிடிக்கலாம் என்பதுதான் அதன் கணக்கு. இதைவிட எளிய முறையும் இருக்கிறது. லெமான் ஏரியில் மீனவர்கள் நத்தார் முடிந்து வீசும் மரங்களைக் கல்லுக் கட்டி இறக்குவார்கள். வசந்தத்தில் பெர்ஷ் மீன் வந்து, நாடா போல நீளமான முட்டைச் சரத்தை அந்தக் கொப்புகளில் சுற்றிவிட்டுப் போகும். செலவு மிகக் குறைவு.

(இதை வாசித்துவிட்டு யாரும் வில்லேத் வாய்க்காலில் மரத்தைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டாம். இங்கே மீன்பிடிச் சங்கங்கள் உரிய அனுமதியோடு செய்கிற வேலை அது. அங்கே தூண்டில் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: சேற்றில் மேயும் கார்ப், பிறேம், விலாங்கு போன்றவற்றில் பிசிபி என்ற நச்சு சேரும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் சின்னப் பிள்ளைகளும் அப்படியான நன்னீர் மீனை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆலோசனை. பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள்.)

ஊர்க் கடலுக்கு வருவோம். 2021 ஜூனில் இலங்கை அரசு கழித்துவிட்ட பஸ்களை நெடுந்தீவுப் பக்கம் கடலில் இறக்கியது உங்களுக்கு நினைவிருக்கும், படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. இராமேஸ்வரம் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. எங்கள் ஆட்களிலும் பலருக்கு, மீன் பெருகுவதைவிட இந்திய றோலர்களின் வலை அதில் மாட்டிக் கிழியும் என்பதில்தான் திருப்தி. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. அடிமட்ட இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தும், இரவிரவாக வந்து அள்ளுகிறவர்களால் வலையிழந்த குடும்பங்கள் எங்கள் சபையிலும் இருக்கின்றன. ஆனாலும் றோலரைத் தடுக்க இறக்குகிற பொருளும் மீன் வளர இறக்குகிற பொருளும் ஒன்றல்ல, இறக்கும் இடமும் ஒன்றல்ல. எதற்கென்று முதலில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை பாரிஸிலிருந்து நாங்கள் எடுக்க முடியாது. பேதுருவின் வலையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அங்கே கரைவலை இழுக்கிற ஐயாவுக்குத்தான் தெரியும்.

ஆகவே என் ஆலோசனை இது. அந்தக் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கம் கூடி, எந்த இடம், என்ன பொருள், எத்தனை மாதம் அங்கே வலை போடுவதில்லை, அதை யார் பார்ப்பது என்று எழுதித் தரட்டும். மீன் வாங்கி விற்கிற பெண்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வலை போடாத மாதங்களில் உலை வைக்கிற கவலை அவர்களுடையது. கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதியும் கையில் வரட்டும். பாதிக் காசை அப்போது அனுப்பலாம், மற்றப் பாதியைச் சொன்ன மாதங்கள் வலை விழாமல் கழிந்த பிறகு. பொறுப்பாளர் வாக்குக்கு விடும்போது இந்த நிபந்தனைகளோடு என்றால் என் கையும் உயரும், என் ஐம்பது யூரோவும் வரும்.