சந்தா நின்றதும் உறவும் நிற்கலாமா?

ஓய்வுபெறும் நாளன்று தொழிற்சங்கம் நடத்தும் பிரிவுபசார விழாவை நாம் கண்டிருக்கிறோம். மாலை உண்டு, பொன்னாடை உண்டு, தலைவர்களின் புகழுரையும் உண்டு. அடுத்த மாதம் சந்தா நிற்கிறது. அத்துடன் உறவும் நின்றுவிடுகிறது. முப்பதாண்டு கொடி பிடித்தவர் பென்ஷன் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பதென்று தெரியாமல் அலைகிறார்.

காஜி அபூயூசுஃப் (ரஹ்) தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், இரந்து நின்ற பார்வையற்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டார்கள். முதுமையும் வறுமையும் செலுத்த வேண்டிய ஜிஸ்யா வரியுமே அவரை அந்நிலைக்குத் தள்ளியிருந்தன. கலீஃபா அவரை வீட்டிற்கு அழைத்துச் சென்று உதவியதுடன் நில்லாமல், பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி உதவித்தொகை பெறச் செய்தார்கள், வரியையும் நீக்கினார்கள். ஒருவரின் இளமைக்கால உழைப்பை அனுபவித்துவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பது அவர்கள் கூறிய காரணம். கருணை என்று சொல்லவில்லை, நீதி என்றார்கள். இந்த வேறுபாட்டை நம் சங்கத்தார் சற்றே சிந்திக்க வேண்டும்.

ஓய்வுபெற்றோருக்குச் செலவிடச் சட்டம் இடம் தராது என்று சிலர் கூறுவதுண்டு. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, உறுப்பினரின் முதுமை, நோய், மரணம் ஆகியவற்றிற்காகப் பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வழங்கலாம் என்று வெளிப்படையாகக் கூறியிருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்ட இன்றும் இந்த நோக்கத்தைச் சங்கங்கள் தம் விதிகளில் விடாமல் காக்க வேண்டும்.

மனம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அண்டை மாநிலத்தில் சான்று உண்டு. 2024 ஜனவரி 9 அன்று தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சி.ஐ.டி.யு., அண்ணா தொழிற்சங்கப் பேரவை முதலிய சங்கங்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஓய்வுபெற்றோருக்குப் பல்லாண்டுகளாக நிலுவையிலிருந்த அகவிலைப்படியும் ஒன்று. உயர் நீதிமன்றம் தலையிட்டதால் மறுநாளே போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பலன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. பணியில் இருப்பவர், பணி முடித்தவருக்காகத் தம் கூலியைப் பணயம் வைத்தார் என்பதே என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் காரைக்காலில் பிரெஞ்சு இராணுவப் பென்ஷன் பெறும் குடும்பங்களும் உண்டு. வருங்கால வைப்புநிதிப் பென்ஷனை நம்பியிருக்கும் குடும்பங்களும் உண்டு. 1995-இல் வந்த அந்த வைப்புநிதித் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014-இல்தான் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மருந்துக் கடைக்கே போதாத தொகை! அதுவும், ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கத் தவறினால் நின்றுபோகும். மூட்டை தூக்கியும் நூல் இழுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதிவதில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்றளிக்கும் வசதி வந்திருப்பதைப் பெரியவர்கள் பலர் அறியார். ஐந்தாண்டுகளேனும் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது முதிர்வில் ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். இதையும் சொல்வாரில்லை.

கணவர் மவுத்தானால் மனைவிக்குப் பாதிப் பென்ஷன் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும் பெண்மணி அலுவலகம் அலுவலகமாக அலைய முடியுமா? சங்கத்தார் ஒருவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குச் செல்லலாம் அல்லவா? இதற்குப் பணமும் வேண்டாம், மாநாடும் வேண்டாம்.

இனி, முதியோரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தொழிலாளர்களைப் பற்றி. பிள்ளைகளைச் சபருக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியிருக்கும் ஒரு மகனோ மருமகளோ உம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! அறப்போருக்கு அனுமதி வேண்டி வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருப்பதை விசாரித்தறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவர்களுக்குப் பணிவிடை செய்யத் திருப்பி அனுப்பினார்கள். நோயுற்ற மனைவி ருகையா (ரலி) அவர்களைக் கவனிப்பதற்காகப் பத்ருப் போருக்கு வராத உஸ்மான் (ரலி) அவர்களுக்குக் களம் கண்டவருக்குரிய பங்கும் நற்கூலியும் உண்டென்றார்கள். பராமரிப்புக்காக விடுப்பு, அதுவும் ஊதியத்துடன்! மதரஸாவில் இந்த ஹதீஸ்களை ஓதிக்கொடுக்கும் நாம், தொழிற்கூடத்தில் இவற்றின் பொருளைக் கேட்பதில்லை.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. பேணுவதற்கு நேரம் தரும் கடமையை முதலாளிக்கு விதிக்கவில்லை. மத்திய அரசு ஊழியர்கள் தமது 30 நாள் ஈட்டிய விடுப்பை முதிய பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என 2025 ஜூலையில் மாநிலங்களவையில் விளக்கமளிக்கப்பட்டது. அது தனி விடுப்பன்று, இருப்பதன் விளக்கமே. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அவ்வளவுகூட உறுதியில்லை.

நம் உறவினர் வாழும் பிரான்ஸில் பராமரிப்போருக்கென்றே விடுப்பு உண்டு. 2020 அக்டோபர் முதல் அதற்கு நாட்படியும் கிடைக்கிறது. சிங்கப்பூரிலோ தொழிற்சங்கக் காங்கிரஸ் 1997-இல் முதியோர் பராமரிப்புக்கெனக் கூட்டுறவே தொடங்கியது. பகலில் பெரியவர்களை அங்கே விட்டுவிட்டு மகன் நிம்மதியாக வேலைக்குச் செல்கிறார்.

நேரத்திற்காகப் போராடுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுகளுக்குப் பலியாயினர். அப்போராட்டத்தின் கனியே எட்டு மணி நேர வேலை. அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் நம் சங்கங்கள், முதியோரைப் பேணுவோருக்கு ஆண்டில் பத்து நாள் சம்பள விடுப்பும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் உரிமையும் கேட்கட்டும். பென்ஷன் காகிதங்களைப் பார்க்க மாதத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு, ஒருவர் உட்கார்ந்தால் போதும். அதற்கு இடம் தர நம் முஹல்லா ஜமாஅத்துகள் மறுக்கமாட்டா. எல்லா மதத்துப் பெரியவர்களும் அங்கே வரலாம்.